நம் வீட்டு விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?



மாதம் ஒரு முறை நம் வீட்டுக்கு வரும் மின்பட்டியலில் நாம் முதலில் பார்ப்பது எதை? கட்டவேண்டிய தொகையைத்தான். தொகை கூடியிருந்தால் வீட்டில் சிறு சச்சரவு. பிள்ளைகள் ‘பேன்’ போட்டதாலா, பிரிட்ஜ் பழசானதாலா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். பிறகு தொகையைக் கட்டிவிட்டு மறந்துவிடுகிறோம்.

ஆனால் அந்தத் தொகைக்குப் பின்னால் நம் நாட்டின் மழையும், மலையும், கடல் கடந்து வரும் கப்பலும், வெளிநாட்டு நாணயமும் இருக்கின்றன. வீட்டை நிர்வகிக்கும் பெண்கள் இதை விளங்கிக்கொள்வது அவசியம். ஏனெனில் மின்வெட்டு வந்தால் முதலில் சிரமப்படுவதும் அவர்கள்தான், சிக்கனத்தைத் தொடங்கி வைக்கக் கூடியவர்களும் அவர்கள்தான்.

மழை தந்த வெளிச்சம்

மலைநாட்டு ஆறுகளில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918 ஆம் ஆண்டிலேயே எடுத்துச் சொன்னவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. ஆங்கிலேயர் ஆட்சியில் அவருடைய யோசனை பல ஆண்டுகள் கிடப்பில் போடப்பட்டது. கடைசியில் 1950 இல் லக்ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் அவர் காலமானார். இன்று நோர்ட்டன் பிரிட்ஜ் பகுதியில் உள்ள மின்நிலையம் ஒன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

களனி கங்கையின் கிளையாறுகளில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. அடுத்து மகாவலி. பொல்கொல்லயில் நீரைத் திருப்பி, 1976 இல் உக்குவெல மின்நிலையம் வந்தது. 1980 களில் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல என்று பெரிய அணைகள் எழுந்தன. 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணைதான் நாட்டிலேயே உயரமானது. அதன் மின்நிலையம் 210 மெகாவோட் திறன் கொண்டது. 1992 இல் சமனலவெவ, 2012 இல் மேல் கொத்மலை, 2024 இல் உமாஓயா என்று இந்த வரிசை தொடர்ந்தது.

இந்த வெளிச்சம் விலையில்லாமல் கிடைத்ததல்ல. விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. மவுசாகலையின் அடியில் பழைய மஸ்கெலியா. வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டிடங்களின், வணக்கத்தலங்களின் எச்சங்கள் வெளியே தெரியும். பார்க்கப் பலர் போவார்கள். அந்தக் கற்கள் வெளியே தெரிகின்றன என்றால் நாட்டின் மின்சாரச் சேமிப்பு கரைந்துவிட்டது என்பதும் அதே நேரத்தில் தெரிந்துவிடுகிறது.

மழையை மட்டும் நம்பியதன் விளைவு

1990 களின் நடுப்பகுதி வரை நம் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்ட நீரிலிருந்தே வந்தது. மலிவான மின்சாரம் அது. ஆனால் 1996 இல் மழை பொய்த்தது. நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. அந்த ஆண்டை நினைவில் வைத்திருக்கும் தாய்மார் இன்றும் நிறையப் பேர் இருப்பார்கள். ஒரே ஒரு மூலத்தை நம்பி ஒரு நாட்டை நடத்த முடியாது என்பது அப்போது விளங்கியது.

அதன் பின்னர் டீசலிலும் உலை எண்ணெயிலும் இயங்கும் நிலையங்கள் கூடின. களனிதிஸ்ஸ, சபுகஸ்கந்த, பிறகு கெரவலப்பிட்டிய ஆகியன இவ்வகையானவை. இவற்றை உடனே கட்டலாம், வேண்டிய நேரத்தில் இயக்கலாம். ஆனால் எரிபொருள் முழுவதும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஒவ்வோர் அலகுக்கும் ஆகும் செலவு மிக அதிகம்.

ஆகவேதான் நிலக்கரி வந்தது. புத்தளம் மாவட்டத்தில் நுரைச்சோலையில் 300 மெகாவோட் வீதம் மூன்று இயந்திரங்கள் 2011 முதல் 2014 வரை படிப்படியாகச் சேர்க்கப்பட்டன. மொத்தம் 900 மெகாவோட். நாட்டில் உள்ள மின்நிலையங்களில் இதுதான் மிகப் பெரியது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஓர் இடத்திலிருந்தே வருகிறது. ஆண்டுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரி கப்பலில் வரவேண்டும். கற்பிட்டிக் கடல் தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் நிலக்கரியை இறக்க முடியாது. ஆகவே கடல் அமைதியாக இருக்கும் மாதங்களிலேயே ஆண்டு முழுவதுக்குமானதை இறக்கிக் குவித்துவிட வேண்டும். மழைக் காலத்துக்கு முன்பு விறகு அடுக்கி வைப்பது போலத்தான்.

பெரிய நீர்மின் நிலையங்களின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. நல்ல மழை பெய்த 2021 போன்ற ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. வரண்ட 2017 இல் ஐந்தில் ஒரு பங்குதான். குறையும் அந்தப் பங்கை எண்ணெய் நிரப்புகிறது. அதாவது, மழை குறைந்தால் நாம் டொலரை எரிக்கிறோம்.

டொலரும் இல்லாமல் போனால்? அதைத்தான் 2022 இல் கண்டோம். எரிபொருள் வாங்கப் பணமில்லை, நீர்த்தேக்கங்களிலும் நீர் குறைவு. 2022 மார்ச் 31 ஆம் திகதி 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. சமையல் எரிவாயுவும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. பிற்பாடு குறைப்புகள் வந்தன, மீண்டும் ஏற்றமும் வந்தது. ஆனால் அந்த மாதங்களில் தையல் இயந்திரத்தை நம்பி வாழ்ந்த, இடியப்பம் அவித்து விற்றுப் பிழைத்த எத்தனையோ குடும்பங்கள் பட்ட பாட்டைக் கணக்கில் எழுத முடியாது.

உற்பத்தி ஓரிடம், பாவனை வேறிடம்

சகோதரிகளே, நாட்டின் வரைபடத்தை ஒரு முறை மனதில் விரித்துப் பாருங்கள். நீர் மின்சாரம் பிறப்பது மத்திய, சப்ரகமுவ, ஊவா மலைகளில். நிலக்கரி மின்சாரம் வடமேல் கரையில். காற்று வடக்கில். ஆனால் மிக அதிகமாக மின்சாரத்தைப் பாவிப்பது மேல் மாகாணம். தொழிற்சாலைகளும், அலுவலகங்களும், அடுக்குமாடிகளும் அங்கேதான் குவிந்திருக்கின்றன. உயர் அழுத்தக் கம்பிகள் மலையிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் கொழும்பை நோக்கி ஓடுவது இதனால்தான்.

அந்தக் கம்பி எட்டாத இடங்களுக்கு என்ன நடந்தது? 1990 இல் நாட்டில் மூன்றில் ஒரு வீட்டுக்குக்கூட மின்சாரம் இருக்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு யுத்த காலத்தில் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து அறுபட்டது. பல ஆண்டுகள் இருளிலும், பிறகு உள்ளூர் டீசல் மின்பிறப்பாக்கிகளின் துணையிலும் காலம் கழிந்தது. 2013 அளவில்தான் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகம் வரை உயர் அழுத்தக் கம்பி மீண்டும் இணைந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு போன்ற தீவுகள் அதன் பின்பும் டீசலையே நம்பியிருந்தன. நாட்டின் அனைத்து வீடுகளுக்கும் மின்சாரம் என்ற நிலையை 2016 அளவில்தான் ஏறக்குறைய எட்டினோம்.

மன்னார்த் தீவின் காற்று நாட்டின் மிகச் சிறந்த காற்றுகளில் ஒன்று. அங்கே 30 காற்றாலைகளைக் கொண்ட ‘தம்பபவனி’ 2020 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்டது. அதன் திறன் 103.5 மெகாவோட். எரிபொருள் வாங்கத் தேவையில்லை. ஆனால் மேலும் காற்றாலைகள் வரப் போகின்றன என்றபோது மன்னார் மக்கள் 2025 இல் வீதியில் இறங்கினார்கள். வெள்ளம் வடியாது, தொழில் பாதிக்கும், வலசை வரும் பறவைகளுக்குக் கேடு என்பது அவர்களின் அச்சம். முழு நாட்டுக்கும் வெளிச்சம் தேவை என்பது உண்மை. அந்த வெளிச்சத்துக்கான சுமையை ஒரு சிறு ஊர் மட்டும் ஏற்கவேண்டுமா என்ற கேள்வியும் உண்மை. தெல்தெனியவும் மஸ்கெலியாவும் ஏற்கெனவே அந்தச் சுமையைச் சுமந்தவை அல்லவா?

கூரை மேல் சூரியன்

2016 இல் கூரை மேல் சூரிய மின்படலம் பொருத்தும் திட்டம் வேகம் பெற்றது. இன்று இவற்றின் மொத்தத் திறன் நுரைச்சோலையை விடவும் அதிகம். நல்ல விஷயம். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

மின்சாரத்தைத் தண்ணீரைப் போலப் பானையில் ஊற்றி வைக்க முடியாது. பெரிய மின்கலத் தொகுதிகள் வேண்டும், அவை விலை கூடியவை. எனவே ஒவ்வொரு நொடியும் எவ்வளவு பாவனையோ, அவ்வளவே உற்பத்தியும் இருக்கவேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிறு முற்பகல். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. ஒரு குரங்கால் இப்படி நடக்குமா என்று பலரும் கேலி செய்தார்கள். விடுமுறை நாள் என்பதால் அன்று பாவனை குறைவு. நல்ல வெயிலில் சூரிய மின்சாரமோ மிக அதிகம். அதிர்ச்சியைத் தாங்கிச் சமநிலையை மீட்கக்கூடிய பெரிய சுழலும் இயந்திரங்கள் போதியளவு ஓடிக்கொண்டிருக்கவில்லை. நுரைச்சோலையின் இயந்திரங்களும் நின்றுபோயின. நீர்மின் நிலையத்தைச் சில நிமிடங்களில் இயக்கிவிடலாம். நிலக்கரி நிலையத்தை மீண்டும் இயக்க நாட்கள் பிடிக்கும். அதனால் அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டு.

பகலில் மின்சாரம் மிதமிஞ்சுகிறது. மஃரிபுக்குப் பிறகு சூரியன் இல்லை, ஆனால் தேவை உச்சத்துக்குப் போகிறது. இதுதான் இன்றைய சிக்கலின் சுருக்கம்.

மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை

இந்த நான்கு மணி நேரத்தைத்தான் உச்சப் பாவனை நேரம் என்கிறார்கள். 2021 இல் இந்த உச்சம் ஏறத்தாழ 2,800 மெகாவோட்டைத் தொட்டது. விடியப்புறம் இரண்டு, மூன்று மணிக்கோ தேவை இதில் பாதி அளவுக்கு இறங்கிவிடும். அந்த நான்கு மணி நேரத்துக்காகவே விலை கூடிய எண்ணெய் இயந்திரங்களை இயக்க நேரிடுகிறது.

அந்த நேரத்தில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? எல்லா அறைகளிலும் விளக்கு. தொலைக்காட்சி. நாளைய பாடசாலை உடுப்புக்கு மின்னழுத்தி. ரைஸ் குக்கர். தண்ணீர் மோட்டார். நோன்பு மாதத்தில் இன்னும் கொஞ்சம் கூடும். நாட்டின் மொத்த மின்பாவனையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகளுடையது. உச்ச நேரத்தை உச்சமாக்குவதும் பெரும்பாலும் வீடுகள்தான்.

சில எளிய கணக்குகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1000 வோட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் அலகு. 1000 வோட் மின்னழுத்தியை அரை மணி நேரம் பாவித்தால் அரை அலகு. பழைய 60 வோட் குமிழ் ஒன்று தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 9 அலகு. அதே வெளிச்சம் தரும் 9 வோட் எல்.ஈ.டி. குமிழுக்கு ஒன்றரை அலகுகூட ஆகாது. நான்கு குமிழ்களை மாற்றினால் மாதத்துக்கு 30 அலகு மிச்சம்.

30 அலகு சிறிய விஷயமல்ல. வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறுவது. குறிப்பாக 60 அலகு என்பது ஒரு வாசற்படி. அதைத் தாண்டினால் தாண்டிய அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே வேறு வீதத்தில் கணக்குப் பார்க்கும் முறை பின்பற்றப்பட்டு வந்திருக்கிறது. 62 அலகு பாவித்த வீட்டுக்கும் 59 அலகு பாவித்த வீட்டுக்கும் தொகையில் பெரிய வித்தியாசம் வருவது இதனால்தான். ஆகவே மாத நடுவில் ஒரு முறை மின்மானியைப் பார்த்து எழுதி வையுங்கள். போன மாத வாசிப்பைக் கழித்தால் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

துணி அழுத்துவதையும் தண்ணீர் ஏற்றுவதையும் பகலுக்கு மாற்றினால் என்ன பயன் என்று கேட்கலாம். சாதாரண வீட்டுப் பட்டியலில் நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் மாறுவதில்லை. எனவே அந்த மாதப் பட்டியல் குறையாது என்பதுதான் உண்மை. ஆனால் கட்டணம் தீர்மானிக்கப்படுவது உற்பத்திச் செலவை வைத்து. இலட்சக்கணக்கான வீடுகள் மாலையில் பாவனையைத் தள்ளிவைத்தால் எரியும் எண்ணெய் குறையும், அடுத்த கட்டணத் திருத்தத்தின் சுமையும் இலேசாகும். நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் மாறும் முறையைத் தெரிவுசெய்த வீடுகளுக்கோ இலாபம் நேரடியாகவே கிடைக்கும்.

1969 இல் உருவாக்கப்பட்ட இலங்கை மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க 2024 ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. நிர்வாகம் எப்படி மாறினாலும் மழை மழைதான், நிலக்கரி வெளிநாட்டுச் சரக்குத்தான், மாலை ஆறரை மணி ஆறரை மணிதான்.

சகோதரிகளே, சிக்கனம் என்பது இருட்டில் இருப்பதல்ல. பிள்ளை படிக்கும் மேசைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், அதில் குறை வைக்காதீர்கள். ஆளில்லாத அறையில் எரியும் விளக்கையும் சுழலும் விசிறியையும் நிறுத்துங்கள். இம்மாதப் பட்டியல் வந்ததும் தொகைக்கு முன் அலகைப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி, இந்த அலகுகள் எந்த மலையிலிருந்தும் எந்தக் கடலிலிருந்தும் வந்தன என்று சொல்லிக்கொடுங்கள். அறிந்த பிள்ளை, யாரும் சொல்லாமலேயே ஆளியை அணைக்கும்.