மார்வலியா, வாய்வா?

மதுரைச் சீமையில் ஒருவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் முதலில் சொல்லும் வார்த்தை “வாய்வு” என்பதே. உடனே சோடா வரும். ஓமமும் பெருங்காயமும் வரும். பல வேளைகளில் அது வாய்வாகவே இருந்துவிடுவதால் அந்த நம்பிக்கைக்கு மதிப்பும் ஏறிவிட்டது. ஆனால் மாரடைப்பு வந்த வேளையில் சோடாவுக்காகப் போக்கிய அரைமணி ஒரு குடும்பத்தின் கதியையே மாற்றிவிடக் கூடும்.

ஹிருதய நோய் தனவந்தர்களுக்கும் மேல்நாட்டாருக்கும் உரியது என்று நம்மவர் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, 2022-ஆம் வருஷத்தில் ஹிருதய, ரத்தக்குழாய் நோய்களால் மாண்டவர் ஏறக்குறைய 1 கோடியே 98 லட்சம் பேர். இந்நோய்களால் மடிபவரில் முக்கால் பங்கினர் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர நாட்டினர்.

கேரளத்தில் பிறந்து கானடாவில் பணி புரியும் டாக்டர் சலீம் யூசுப்பின் தலைமையில், 52 நாடுகளில் சுமார் 30,000 பேரை ஆராய்ந்து 2004-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புகையிலை, ரத்தக் கொதிப்பு, ரத்தக் கொழுப்பின் சீர்கேடு, சர்க்கரை வியாதி, தொந்தி, மனக்கவலை, காய்கனிக் குறைவு, மது, உடலுழைப்பின்மை என்ற ஒன்பது அம்சங்களே முதல் மாரடைப்பின் அபாயத்தில் பெரும்பகுதியை நிர்ணயிக்கின்றன என்று கண்டார்கள். தென்னாசியருக்கு அது சராசரி 53 வயதிலேயே வருகிறது. மற்றவரைக் காட்டிலும் சுமார் 6 வருஷம் முன்னதாக! பெண்ணின் கல்யாணமும் பிள்ளையின் படிப்பும் முடியாத வயது அல்லவா அது?

ஒன்பதிலும் கள்ளத்தனமானது ரத்தக் கொதிப்பு. 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கில், வயது வந்தோரில் 100-க்கு 34 பேருக்கு அது இருந்தது. அவர்களுள் கட்டுக்குள் வைத்திருந்தவர் 100-க்கு 7 பேரே. வலி இல்லை, அடையாளம் இல்லை. ஆகவே மருந்தும் இல்லை! அளந்து பார்த்து, 140-க்கு 90 என்ற எல்லையை எட்டினால் வைத்தியரை அணுகவேண்டும். உப்பும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்கவேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு யாவும் இந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

மாரடைப்பின் தத்துவத்தை மேலூர்க் குடியானவருக்கு விளக்குவது எளிது. மடை அடைத்தால் கடைமடைப் பயிர் வாடுகிறது. ரத்தக்குழாயின் உட்சுவரில் படிந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தால், அப்பால் உள்ள ஹிருதயத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் மடிகிறது. விரைவில் மடையைத் திறந்தால் பிழைக்கும்.

இதற்கென்றே 2023-இல் தமிழ்நாட்டு ஸர்க்கார் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கிற்று. முதல் வேளை மாத்திரைகள் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் துணை நிலையங்களுக்கும் வந்தன. அவற்றை அங்கே கொடுத்து, மதுரைப் பெரியாஸ்பத்திரி போன்ற இடங்களுக்கு அனுப்புவதே ஏற்பாடு.

நெஞ்சில் பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவற்றில் எது கண்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். ஸ்திரீகளுக்கும் சர்க்கரை வியாதியஸ்தருக்கும் வலியே இல்லாமலும் வரலாம் என்பதை நேயர்கள் மறக்கலாகாது. வாய்வுதானா என்பதை வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். சோடாவை அதன் பிறகு குடிக்கலாம்.