பில் அழிந்துவிட்டதா? முதலில் பில் போடுவதை நிறுத்துங்கள்

திருநெல்வேலி டவுன் ரத வீதிக் கடைகளிலும் பாளையங்கோட்டை மருந்துக் கடைகளிலும் ஒரே தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கைத்தவறுதலாக ஒரு மாதத்துப் பில்களை யாராவது டெலிட் செய்துவிடுவார்கள். "சாயந்திரம் சர்வீஸ் தம்பி வருவான், பாத்துக்கலாம்" என்று முதலாளியும் அதே கணினியில் நாள் முழுக்க வியாபாரத்தை நடத்துவார். தம்பி வரும்போது மீட்க வேண்டியதில் பெரும்பகுதி போயிருக்கும்.

டெலிட் கொடுத்த நொடியில் பதிவு மறைந்துவிடுவதில்லை. பழைய ஃபாக்ஸ்புரோ தரவுதளத்தில் 'அழிந்தது' என்று ஒரு குறி மட்டும் விழும். ரீகால் கொடுத்தால் திரும்ப வரும். பேக் கொடுத்தால் போனதுதான். மைஎஸ்கியூஎல் தரவுதளத்தில் அந்த இடம் காலியிடக் கணக்கில் சேரும், கோப்பின் அளவு குறையாது. அடுத்து நீங்கள் போடும் பில் அந்த இடத்தில் எழுதப்பட்டுவிட்டால், அங்கிருந்த பழையதை எந்த நிபுணராலும் எடுக்க முடியாது.

ஆகவே பில் போடுவதை நிறுத்துங்கள். எல்லா கவுண்டரிலும் மென்பொருளை மூடி, சர்வர் கணினியில் தரவுதள சர்வீஸை நிறுத்தச் சொல்லுங்கள். டேட்டா ஃபோல்டர் முழுவதையும், லாக் கோப்புகள் ஒன்று விடாமல், வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். மீட்பு வேலை எல்லாம் நகலில்தான் நடக்க வேண்டும். வந்ததும் ரிப்பேர், கம்பாக்ட், ஆப்டிமைஸ் என்று எதையாவது தட்டுகிற சர்வீஸ்காரரைத் தடுத்து நிறுத்துங்கள். கோப்பைச் சுருக்கும் அந்தக் கட்டளைகள்தான் மிச்சத்தையும் துடைக்கும். பழைய பேக்கப்பை அதே இடத்தில் ஏற்றவும் விடாதீர்கள். மைஎஸ்கியூஎல் 8.0 முதல், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் பைனரி லாக் தானாகவே இயங்குகிறது. பேக்கப்பும் அதன்பின் வந்த லாக் கோப்புகளும் இருந்தால், டெலிட் நடந்ததற்கு முந்தைய நிலைவரை கணக்கைத் திரும்பக் கட்டிவிடலாம். மறுபடியும் சொல்கிறேன்: அதுவரை ஒரு பில்கூடப் போடாதீர்கள். கைப்பில் எழுதுங்கள்.

வேலையை விட்டுப்போனவர் வேண்டுமென்றே அழித்திருந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவில் இழப்பீடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிப்பவர் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர். மோசடி நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. மாநகர எல்லைக்குள் என்றால் மாநகர சைபர் கிரைம் காவல் நிலையம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்றால் மாவட்டக் காவல்துறையின் சைபர் கிரைம் நிலையம். 1930 என்ற எண் பணம் பறிபோனவர்களுக்கானது. மின்னணு ஆதாரத்துக்கு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பை எழுத வேண்டியிருப்பதால் நகலெடுத்த அன்றே அதைக் குறித்து வையுங்கள். காவல் நிலையத்தில் "எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்பினால் நகர வேண்டாம். புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது கேளுங்கள்.

பழைய கணினியை விற்கும்போது நிலைமை தலைகீழ். அழித்ததாக நினைத்த வாடிக்கையாளர் போன் எண்கள் உள்ளேயே கிடக்கும். டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு விற்பதே பாதுகாப்பு.

ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டறிக்கைக் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு இருக்க வேண்டும் என்கிறது. அவ்வளவு காலம் காக்க, கடைக்குள்ளேயே வைக்கும் பேக்கப்பை நம்பாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பக்கம் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். இன்று இரவே ஒரு நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.