திங்கட்கிழமை அரிப்புக்குச் சனிக்கிழமை காரணம்

ஓசூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாமனாருக்கு 58 வயது, பாகலூர் சாலைப் பக்கம் வீடு. மூன்று வருடமாக இமை வீங்குகிறது, கழுத்தில் தடிப்பு, முழங்கை மடிப்பில் தோல் கறுத்துத் தடித்துவிட்டது. அடங்குகிறது, மறுபடி கிளம்புகிறது. சிப்காட் தொழிற்பேட்டைப் புகை என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். மகன் கைப்பேசியில் ஒரு செயலி போட்டுக் கொடுத்திருக்கிறார். அன்றாடம் சாப்பாட்டையும் அரிப்பையும் பதிந்தால், அடுத்து எப்போது கிளம்பும் என்று செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடுமாம். அது கத்தரிக்காயைக் கைகாட்டியது. கத்தரிக்காயை நிறுத்தினார்கள், அரிப்பு நிற்கவில்லை. ஏன் என்று கேட்கிறார்.

கடிதத்தைப் படித்து நோய் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் இந்தப் பகுதித் தோல் மருத்துவர்கள் விசாரிக்கும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: வீட்டைச் சுற்றிப் பார்த்தீனியம் இருக்கிறதா? விற்காத மனைகளிலும் சிப்காட் சுற்றுச்சுவர் ஓரத்திலும் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும் அதே செடிதான். அதன் இலையிலும் தண்டிலும் உள்ள நுண்ணிய மயிர்களில் பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. செடி காய்ந்து பொடியானாலும் அது போவதில்லை. தூசியோடு பறந்து வந்து வியர்வை தேங்கும் மடிப்புகளில் உட்கார்ந்துகொள்ளும். பச்சையே இல்லாத கோடையிலும் சிலருக்குக் கிளம்புவது இதனால்தான்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி அந்தப் பார்த்தெனின் தோலுக்குள் செய்யும் தில்லுமுல்லு. ஓசூர் எல்லையின் ஜூஜூவாடி சோதனைச்சாவடியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தெனின் மிகச் சின்ன மூலக்கூறு, எடை வெறும் 262 டால்டன். தனியாக நடந்து வந்தால் நோய் எதிர்ப்பு மண்டலம் ஏறெடுத்தும் பார்க்காது. ஆனால் அதன் ஒரு முனை, புரதங்களில் உள்ள கந்தக அணுவைக் கண்டால் கவ்விக்கொள்ளும். அதாவது, நடந்து வந்த ஆள் நம்மூர் லாரியில் தொற்றிக்கொண்டு நம்பர் பிளேட்டை மாற்றிவிடுகிறான். சாவடியில் நிற்கும் லாங்கர்ஹான்ஸ் செல்லுக்குச் சந்தேகம் வருகிறது: வண்டி நம்முடையது, நம்பர் நம்முடையதில்லையே. அதனிடம் வாக்கி டாக்கி கிடையாது. ஆதாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்கு நேரில் போய், அங்குள்ள டி செல்களிடம் காட்ட வேண்டும். பொருத்தமான டி செல் கிடைத்து அது பெருகிப் படையாக முதல் தடவை பத்துப் பதினைந்து நாள் ஆகும். பலருக்குச் செடியோடு வருடக்கணக்கில் புழங்கிய பிறகுதான் இந்தப் படையே திரளும். ‘இருபது வருசமா இதே காட்டுலதான் கெடக்கறேன், இப்ப மட்டும் என்ன?’ என்பவருக்கு இதுதான் பதில்.

படை திரண்ட பிறகும் ஒவ்வொரு முறையும் அது தாமதமாகத்தான் வரும். 24 மணியிலிருந்து 72 மணி நேரம் வரை ஆகலாம். நிஜ லாரி என்றால் அதற்குள் சேலத்தைத் தாண்டியிருக்கும். வந்த படைக்கு ஆளைப் பிடிக்கத் தெரியாது. நம்பர் மாறிய வண்டிகளை, அதாவது நம் தோல் செல்களையே, அடித்து நொறுக்கும். வேலை முடிந்தும் ஒரு கூட்டம் ஊர் திரும்பாமல் அதே தெருவில் கூடாரம் போட்டுவிடும். அதே இமையில், அதே மடிப்பில் மறுபடி மறுபடி கிளம்புவது இந்தக் கூடாரக்காரர்களின் கைங்கரியம். ஜிஎஸ்டி வந்ததும் 2017-இல் வணிகவரிச் சோதனைச்சாவடிகளை மூடினார்கள். தோலில் அப்படி மூட வழியில்லை.

இப்போது செயலிக்கு வருவோம். திங்கட்கிழமை அரித்தால் அது திங்கட்கிழமைச் சாப்பாட்டைத் தேடுகிறது. குற்றம் நடந்ததோ சனிக்கிழமையாக இருக்கலாம், பக்கத்து மனையில் களை வெட்டியபோது. சரி, செயலி இரண்டு நாள் பின்னோக்கிப் பார்க்கிறது என்றே வையுங்கள். வாரத்தில் நான்கு நாள் கத்தரிக்காய் சாப்பிடும் வீட்டில், ஏதாவது இரண்டு நாளில் கத்தரிக்காயே இல்லாதிருக்க வாய்ப்பு 18 விழுக்காடுதான். ஆக, பாவம் அது ஒரு தப்பும் செய்யாவிட்டாலும், பத்தில் எட்டு முறை அரிப்புக்கு முன்னால் குற்றவாளிக் கூண்டில் நிற்கும். அரிக்காத நாளையும் எழுதினால்தான் இந்தக் குட்டு உடையும். அரித்த நாளை மட்டும் குறிப்பவர்கள் எதை வேண்டுமானாலும் குற்றவாளி ஆக்கலாம். செயற்கை நுண்ணறிவு அதை இன்னும் வேகமாகச் செய்யும், அவ்வளவே.

நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் இரவில் அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், எந்த இடம், எவ்வளவு பரப்பு என்று குறியுங்கள். விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை ஏறக்குறைய உடம்பின் 1 விழுக்காடு. அன்று எங்கே இருந்தார், பக்கத்தில் களை வெட்டினார்களா, காற்றடித்ததா என்பதையும் எழுதுங்கள். களிம்பு போட்ட நாளை மறக்காமல் குறியுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு இரண்டு நாளில் எல்லாவற்றையும் அமுக்கிவிடும், விட்டதும் இரட்டிப்பாகக் கிளப்பும்; கணக்கே குழம்பிப்போகும். கண்ணாடியில் ஒன்றையும் பாருங்கள். வெயில் ஒவ்வாமை பெரும்பாலும் மேல் இமை, தாடைக்கு அடி, காதின் பின்புறம் ஆகிய நிழல் இடங்களை விட்டுவைக்கும். காற்றில் வரும் தூசி விடாது. ஆனால் பார்த்தீனியம் நாள்பட்டால் வெயிலும் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. அப்போது இந்தச் சோதனை கைகொடுக்காது.

வரலாறு கேட்பவர்களுக்கு: 1950-களின் நடுவில் புனேயில் இந்தச் செடி கண்ணில் பட்டது, அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் 1814-இல் வெளியான கல்கத்தா தாவரவியல் தோட்டப் பட்டியலிலேயே இதன் பெயர் இருக்கிறது. இதைத் தின்று ஒழிக்க 1984-இல் பெங்களூரில் மெக்சிகோ வண்டை விட்டார்கள். மழைக்காலத்தில் அது இலையைத் தின்கிறது, வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் உறங்குகிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் பார்த்தீனியம் விழிப்புணர்வு வாரம் நடக்கிறது, படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கிடையில் ஒரு செடி 15,000 விதைக்கு மேல் உதிர்க்கிறது.

இன்னொரு விஷயம், பூவோடு புழங்கும் ராயக்கோட்டை, கெலமங்கலம் பக்கத்துக்காரர்களுக்கு. சாமந்தியும் சூரியகாந்தியும் பார்த்தீனியத்தின் குடும்பம்; இதே வகை வேதிப்பொருள் அவற்றிலும் உண்டு. பார்த்தீனியத்துக்குத் திரண்ட படை சாமந்தியைப் பார்த்தும் சிலருக்குப் பாயும். பூக்கட்டும் நாளையும் நோட்டில் சேருங்கள்.

வாசகிக்குச் சொல்ல வேண்டியது இதுதான். நோட்டோடு மாமனாரைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போய், பேட்ச் டெஸ்ட் செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி, 48 மணி கழித்து எடுத்துப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். படை வரும் வரை காத்திருப்பதுதான் பரிசோதனையே. பார்த்தீனியம்தான் என்று உறுதியானால், பக்கத்து மனையில் உள்ளதைப் பூப்பதற்கு முன் கையுறை போட்டுப் பிடுங்கச் சொல்லுங்கள். பிடுங்குபவர் மட்டும் அவராக இருக்க வேண்டாம்.