ஏலத்தில் வரும் சொகுசு வீடு

சென்னையின் மையப் பகுதிகளில் உள்ள சொகுசு அடுக்குமாடி வீடுகள் வங்கிகளின் ஏல அறிவிப்புகளில் அவ்வப்போது இடம்பெறுகின்றன. கடன் தவறியவரின் வீட்டை வழக்குத் தொடராமலேயே விற்க, 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வங்கிகளுக்கு அதிகாரம் அளிக்கிறது.

இந்த அறிவிப்புகளில் பலரும் முதலில் பார்ப்பது குறைந்தபட்ச ஏலத் தொகையை. நான் பார்ப்பது, வீடு யார் கையில் இருக்கிறது என்பதை. ‘அடையாள சுவாதீனம்’ என்றிருந்தால், கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே கடன்தாரரின் குடும்பம் வசித்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் தாமாக வெளியேறாவிட்டால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவைப்படும். கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் காத்திருப்பு மேலும் நீளும்.

பணம் கட்டுவதற்கோ அத்தகைய அவகாசம் இல்லை. ஏல நாளிலோ அடுத்த வேலை நாளிலோ 25 சதவீதம் செலுத்தியாக வேண்டும். விற்பனை உறுதியானபின் 15 நாள்களில் மீதி. வங்கி எழுத்துபூர்வமாக இசைந்தால் அதிகபட்சம் 3 மாதம். வீட்டுக்கடனை நம்பி ஏலம் கேட்டவருக்கு அது உரிய காலத்தில் கிடைக்காவிட்டால், கட்டிய 25 சதவீதமும் பறிபோகும். அத்தொகை முழுவதையும் வங்கி எடுத்துக்கொள்வது செல்லும் என 2024-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோடிகளில் விலைபோகும் வீட்டில் அது ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு. விலை மலிவாகத் தெரிவதற்கு இந்த இடர்களே முக்கியக் காரணம் என்பேன்.

‘உள்ளது உள்ளபடி’ என்ற நிபந்தனை வேறு. பழைய மின்கட்டண நிலுவையை, விதிகள் அனுமதித்தால், புதிய உரிமையாளரிடம் கேட்கலாம் என 2023-இல் அதே நீதிமன்றம் கூறியது. நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் உள்ள வளாகங்களில் பராமரிப்புக் கட்டண பாக்கியே லட்சங்களைத் தொடலாம். அது வில்லங்கச் சான்றிதழில் வராது. குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம்தான் கேட்டறிய வேண்டும், ஏலத்துக்கு முன்பே.