தலைகீழான திரை

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பகுதியில் கணினி புகாத காரியாலயம் இன்று அரிது. அத்தகைய காரியாலயம் ஒன்றில் லிகிதர் ஒருவர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார் என வைத்துக்கொள்ளலாம். அவசரத்தில் கை வழுவி, மூன்று விசைகள் ஒருங்கே அழுந்திவிடுகின்றன. கண் இமைப்பதற்குள் திரையிலுள்ள எழுத்துகள் யாவும் தலைகீழாகின்றன. அவர் திகைக்கிறார், கணினியை நிறுத்தி மீண்டும் இயக்குகிறார், அப்போதும் திரை நேராகவில்லை. அன்றைய வேலை அத்தோடு நின்றுவிடுகிறது. கணினியைத் திருத்துமிடத்துக்குக் கொண்டுசென்று பணம் கொடுத்து மீட்க வேண்டும் என்ற எண்ணமும் எழுகிறது.

உண்மையில் அந்தக் கணினியில் பழுது யாதும் இல்லை. ஓலையைத் தலைகீழாகப் பிடித்தால் அதிலுள்ள எழுத்து அழிந்துபோவதில்லை. திருப்பிப் பிடித்தால் முன்போலவே வாசிக்கலாம். கணினித் திரையின் நிலையும் அத்தன்மையதே. ஆயின், ஓலையைக் கையால் திருப்புவது போல இங்கே திரையைத் திருப்ப வேண்டியதில்லை. அதில் தோன்றும் படத்தை மட்டும் திருப்பினால் போதும்.

திரையில் காணப்படும் படம் மிகச் சிறிய ஒளிப்புள்ளிகளால் ஆனது. இன்று பெருவழக்கிலுள்ள ஒருவகைத் திரையில் ஒரு வரிசைக்கு 1920 புள்ளிகளாக 1080 வரிசைகள் உள்ளன. மொத்தம் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் எந்நிறத்தில் ஒளிரவேண்டும் என்ற கணக்கு கணினியின் நினைவகத்தில் இருக்கிறது. அக்கணக்கை வாசித்துத் திரைக்கு அனுப்புவதற்கென்று கணினியில் ஒரு பகுதி உண்டு. அது முதற்புள்ளியிலிருந்து வாசிக்குமாயின் படம் நேராகத் தோன்றும். கடைசிப் புள்ளியிலிருந்து பின்னோக்கி வாசிக்குமாயின் அதே படம் தலைகீழாகத் தோன்றும். வரிசைகளை நிரல்களாக மாற்றி அனுப்புமாயின் படம் பக்கவாட்டிற் சாய்ந்து நிற்கும். வாசிக்கும் ஒழுங்கு மாறுகிறதேயன்றிப் படம் சிதைவதில்லை.

இவ்வொழுங்கை மாற்றும் வழி எளிது. விண்டோஸ் முறையில் இயங்கும் கணினிகள் பலவற்றில், சிறப்பாக இன்டெல் நிறுவனத்தின் படப்பகுதி அமைந்தவற்றில், கொன்ட்ரோல், ஆல்ட் என்னும் இரு விசைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் படம் தலைகீழாகும். இடம் வலம் நோக்கிய அம்புக்குறிகள் படத்தைக் கால்வட்டம் சாய்க்கும். மேல்நோக்கிய அம்புக்குறி மீண்டும் நேராக்கிவிடும். குரோம்புக் என்ற வகைக் கணினியில் கொன்ட்ரோல், ஷிப்ட் ஆகியவற்றுடன் புதுப்பிக்கும் விசையை அழுத்தினால், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் படம் கால்வட்டம் திரும்பும்.

சுட்டி இருக்க விசைகளை நாடுவானேன் என்று நேயர்கள் வினவலாம். படம் தலைகீழானபின் சுட்டியை வலப்புறம் நகர்த்தினால் திரையிலுள்ள குறி இடப்புறம் ஓடும். முன்னே தள்ளினால் கீழே இறங்கும். பழகிய கை தடுமாறும். விசைகளோ படம் எத்திசையில் நின்றாலும் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன. கண்ணை மூடியும் அவற்றை அழுத்தலாம்.

அண்மைக்காலக் கணினிகள் சிலவற்றில் இக்குறுக்கு விசைகள் இயங்குவதில்லை. அப்போது பொறுமையோடு சுட்டியையே கையாளவேண்டும். திரையின் வெற்றிடத்தில் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, ‘டிஸ்பிளே செட்டிங்ஸ்’ என்பதைத் தேர்ந்து, ‘டிஸ்பிளே ஓரியன்டேஷன்’ என்ற இடத்தில் ‘லான்ட்ஸ்கேப்’ எனக் குறித்தல் வேண்டும். மாற்றத்தை வைத்திருக்கலாமா என்று கணினி கேட்கும். 15 வினாடிக்குள் ஒப்புதல் அளிக்காவிடின் பழைய நிலைக்கே திரும்பிவிடும். மாற்றத்தின்பின் திரையைக் காண இயலாது தவிப்பவரைக் காக்கும் ஏற்பாடு இது.

குழப்பம் விளைவிக்கக்கூடிய இவ்வசதியை ஏன் அமைத்தனர்? கூரையிலே தலைகீழாகத் தொங்கவிடப்படும் படவீழ்த்தி, படத்தையும் தலைகீழாக அனுப்பினாலன்றிச் சுவரில் நேராகக் காட்டாது. கடிதமும் பதிவேடும் அகலத்தினும் உயரம் மிக்கவை. திரையை நிமிர்த்தி வைத்துப் படத்தையும் கால்வட்டம் திருப்பினால் முழுப்பக்கத்தையும் ஒருசேர வாசிக்கலாம். 1973 இல் அமெரிக்காவின் சிராக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஆல்ட்டோ என்ற கணினியின் திரையே தாளைப் போன்று நெடிதாக அமைந்திருந்தது. அதன் அகலம் 606 புள்ளிகள், உயரம் 808 புள்ளிகள்.

திருகோணமலைத் துறைமுகத்திலே இதற்கு நெருங்கிய உறவுடைய வேறொரு திருப்பலையும் காணலாம். சர்வதேசக் கடல்களிற் செல்லும் பெருங்கப்பல்களில் மின்னணுக் கடற்படத் திரை 2012 முதல் 2018 வரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. அத்திரையில் வடதிசையை என்றும் மேலே வைக்கலாம். அன்றேல் கப்பல் செல்லும் திசையை மேலே வைக்கலாம். உட்துறைமுகத்திலிருந்து வெளியேறும் கப்பல், தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவை நோக்கிச் செல்கிறது. அப்போது கிழக்கிலுள்ள நகரப்பக்கம் மாலுமிக்கு இடக்கைப்புறம் இருக்கும். வடக்கு மேலாக வைத்த படத்திலோ அது வலப்புறம் தோன்றும். வேகமாக முடிவெடுக்கவேண்டிய குறுகிய வழியில் இம்முரண்பாடு மயக்கத்தைத் தரலாம். செல்திசையை மேலாக்கினால் கண்ணுக்கும் படத்துக்கும் ஒற்றுமை உண்டாகும். ஆயினும், வடக்கு மேலாக இருக்கும்போது படம் அச்சிட்ட வரைபடத்தோடு ஒத்து நிற்கும்; நெடும்பயணத்தைத் திட்டமிட அது உகந்தது. ஆகவே, எது மேல் என்பதைத் தேவையை அறிந்தே மாலுமி தெரிவுசெய்கிறார். எந்நிலையில் வைத்திருக்கிறோம் என்பதை அவர் மறந்துவிடலாகாது.

காரியாலயத்தில் இருப்பவருக்கும் இவ்விழிப்பு வேண்டும். திரை தலைகீழானால், கணினியை மீண்டும் இயக்கி உற்றுநோக்குதல் நன்று. தொடக்கத்தில் அதனைச் செய்த நிறுவனத்தின் பெயர் நேராகத் தோன்றிப் பின்னர் படம் கவிழுமாயின், திரை நலமாகவே உள்ளது, கட்டளைதான் மாறியிருக்கிறது. விசைகளை அழுத்தியோ, அமைப்பை மாற்றியோ சில நொடிகளில் நேராக்கிக்கொள்ளலாம். பெயரே கோணலாகவோ கோடு கோடாகவோ தோன்றினால், அப்போது திருத்துவோரை நாடலாம். இவ்வொரு சோதனையை அறிந்தவர் வீண்செலவையும் வீண் அச்சத்தையும் தவிர்ப்பார், அருகிலிருப்பவருக்கும் உதவுவார்.