சேற்றிலிருந்து வெள்ளணுவுக்குள்

வேதாரண்யம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் இறங்குகிறவர்களுக்குச் சேற்றுப்புண் ஒரு நோயாகவே தோன்றாது. விரலிடுக்கு வெந்து வெளுத்தால் இரவில் மருதாணியை அரைத்துப் பூசிக்கொண்டு, காலையில் மறுபடி சேற்றில் கால் வைப்பார்கள். பெரும்பாலும் அதோடு போய்விடும். ஆனால் வெப்பநாடுகளின் ஈரமண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவுக்கு அந்த வெடிப்பு திறந்த கதவு. அதன் பெயர் பர்கோல்டேரியா சூடோமல்லேய். அது தரும் நோய் மெலியாய்டோசிஸ். இதற்குத் தமிழில் பெயரே இல்லை. இத்தனைக்கும் 1911-ல் ரங்கூன் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் விட்மோருடன் சேர்ந்து இந்நோயை முதலில் அடையாளம் கண்டவர் சி.எஸ். கிருஷ்ணசாமி. பெயரைப் பார்த்தால் நம் பக்கத்துக்காரர் போலத்தான் இருக்கிறது. நூறாண்டு கடந்தும் நெல் விளையும் டெல்டாவில் இந்த நோயைப் போதிய அளவு தேடவில்லை என்பதே என் வாதம். அது ஒளிந்துகொள்ளும் விதம் தெரிந்தால், நம் கண்ணுக்கு அது தப்புவதன் காரணமும் பாதி புரியும்.

உடலுக்குள் நுழையும் கிருமியை வெள்ளணுக்களில் ஒருவகையான மேக்ரோபேஜ்கள் விழுங்கி, ஒரு சிறு பைக்குள் அடைக்கின்றன. அமிலமும் நொதிகளும் நிறைந்த இன்னொரு பை அதனோடு வந்து இணையும். உள்ளே இருப்பது செரிந்துபோகும். காசநோய்க் கிருமி இந்த இணைப்பைத் தடுத்து, அடைபட்ட பையையே வீடாக்கிக்கொள்கிறது. சேற்றுக் கிருமிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஊசிபோன்ற ஓர் அமைப்பின் மூலம் புரதங்களைச் செலுத்தி, பையைக் கிழித்து வெளியேறி, அணுவின் நடுவிலேயே பெருகுகிறது. பிறகு அணுவின் சொந்தச் சரக்கான ஆக்டின் புரதத்தைத் தன் பின்னால் வாலாகக் கோத்துக்கொண்டு, அந்த உந்துதலில் அடுத்த அணுவை நெருக்குகிறது. இரு அணுக்களின் சவ்வுகளையும் ஒன்றாக்கி உள்ளே போய்விடுகிறது. ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்புப் புரதங்களின் கண்ணில் படாமலே வீடு மாறிவிடலாம். பத்துப் பதினான்கு நாட்களாவது நரம்பு வழியாக மருந்து, அதன்பின் மூன்று மாதம் கோ-டிரைமாக்ஸசோல் மாத்திரை என்று சிகிச்சை நீள்வதற்கு இந்த மறைவிடம் ஒரு முக்கியக் காரணம். காய்ச்சல் விட்டது என்று மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பலாம். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒருவருக்கு, 62 ஆண்டுகள் கழித்து நோய் வெளிப்பட்டதாகவும் பதிவு உண்டு.

இந்தக் கிருமி மண்ணில் இருந்தால் நடவு நடும் எல்லோரும் படுத்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நல்ல உடல்நிலையில் இருப்பவரின் வெள்ளணுக்கள் பெரும்பாலும் கிருமியை வென்றுவிடுகின்றன. சர்க்கரை நோய் உள்ளவரிடம் அந்தப் படை தளர்ந்திருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளில் மெலியாய்டோசிஸ் நோயாளிகளில் பாதிப்பேர் அல்லது அதற்கும் மேல் சர்க்கரைக்காரர்கள். கடும் மழையும் புயலும் அடித்த பின் நோய் கூடுவதை ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் கண்டிருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறிய மண் இது. கிராமத்திலும் சர்க்கரை பெருகிவிட்ட காலம் இது. இரண்டும் சேருமிடத்தில் பழைய கணக்கு செல்லாது.

இரண்டாவது மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வரும். நாள்பட்ட காய்ச்சல், இருமல், எடைக்குறைவு, நுரையீரல் படத்தில் நிழல் என்றால் நம் நாட்டில் காசநோயைத்தானே முதலில் நினைக்க வேண்டும்? ஆம், முதலில் அதைத்தான். சளியில் காசநோய்க் கிருமி அகப்படாதபோதும் அதே முடிவில் நிற்பதுதான் ஆபத்து. காசநோய்க்கு வழக்கமாகத் தரும் மருந்துகள் மெலியாய்டோசிஸ் கிருமியைக் கொல்லாது. கடுமையாகத் தாக்கினால் சில நாட்களிலேயே உயிர் போகும். உலகில் ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேருக்கு இந்நோய் வந்து 89,000 பேர் இறப்பதாக 2016-ல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. தெற்காசியாவின் பங்கு அதில் பெரிது. ஆனால் இந்தியாவில் பதிவாவது சொற்பம். வேலூர் சிஎம்சி போல, தேடிய இடங்களில் அகப்பட்டிருக்கிறது. தேடுவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் போன்ற மருத்துவக் கல்லூரி ஊர்களில் ரத்தத்தையோ சீழையோ தட்டில் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு வைப்பது அன்றாட வேலை. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது: தட்டில் வளர்ந்ததைச் சாதாரண சூடோமோனாஸ் என்றோ வெளியிலிருந்து கலந்த அசுத்தம் என்றோ ஒதுக்கிவிடுவது உண்டு. அந்தத் தட்டில் மூன்று மருந்து வில்லைகளை வைத்துப் பார்த்தால் போதும். ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அசையாமல், அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டைச் சுற்றி மட்டும் வளராமல் விலகி நின்றால் சந்தேகம் வலுத்துவிடும். உறுதிச் சோதனை வரும்வரை காத்திராமல் அன்றே செஃப்டாசிடைம் மருந்தைத் தொடங்கிவிடலாம்.