மேய்ச்சற் காடுகளில் மர அடர்த்தியும் நிலத்தின் நிலையும்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், யூக்கலிப்டஸ் மரங்கள் இடைவிட்டு நிற்கும் வறண்ட காடுகள் பல மாட்டுப் பண்ணைகளின் மேய்ச்சல் நிலங்களாக விளங்குகின்றன. மரங்கள் நெருங்க நெருங்க, நீருக்கும் சத்துக்கும் அவை புல்லோடு போட்டியிடுகின்றன, புல் குறைகிறது. ஆதலின் நிலத்தின் நிலையை மதிப்பிடுவோர் மண், புல் ஆகியவற்றோடு மர அடர்த்தியையும் நோக்குகின்றனர். அதனை அளக்கும் முறையையும் அவ்வளவைப் பொருள்கொள்ளும் முறையையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

மரங்களை எண்ணுவது மட்டும் போதாது. ஒரு ஹெக்டரில் 10 செ.மீ. விட்டமுள்ள 500 மரங்கள் இருப்பின், அவற்றின் அடிமரக் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய 4 சதுர மீட்டர். அவை 20 செ.மீ. விட்டம் உடையனவாயின் அப்பரப்பு ஏறக்குறைய 16 சதுர மீட்டர். எண்ணிக்கை ஒன்றே, பரப்போ நான்கு மடங்கு. எனவே, 'அடர்த்தி' என்பதைவிட 'அடிமரப் பரப்பு' என்னும் சொல்லே இங்குப் பொருளைத் தெளிவுறக் காட்டும் எனக் கருதுகிறோம்.

இதனை அளக்க ஒவ்வொரு மரத்தையும் நாடாவால் சுற்ற வேண்டியதில்லை. ஆஸ்திரிய நாட்டுக் காட்டியலாளர் வால்ட்டர் பிட்டர்லிக் 1948இல் வெளியிட்ட முறை இப்பணியை எளிதாக்கிற்று. 1 செ.மீ. அகலமுள்ள தகட்டைக் கண்ணிலிருந்து 50 செ.மீ. தொலைவில் பிடித்து, நின்ற இடத்திலேயே ஒரு முழுச்சுற்றுத் திரும்பி, மார்புயரத்தில் தகட்டைவிட அகலமாகத் தோன்றும் மரங்களை மட்டும் எண்ண வேண்டும். எண்ணப்பட்ட ஒவ்வொரு மரமும் ஹெக்டருக்கு 1 சதுர மீட்டரைக் குறிக்கும். காரணம் எளிது. 20 செ.மீ. விட்டமுள்ள மரம் 10 மீட்டருக்குள் நின்றால்தான் எண்ணப்படும். அவ்வட்டத்தின் பரப்பு மரத்தின் குறுக்குவெட்டைப்போல் 10,000 மடங்கு. ஒரு ஹெக்டரும் 10,000 சதுர மீட்டர். எவ்விட்டத்திற்கும் இவ்விகிதம் மாறாது. பல இடங்களில் நின்று எண்ணிச் சராசரி காண்பர்.

ஆயினும், மரம் மிகுந்ததனாலேயே நிலம் கெட்டது எனத் துணியலாகாது. மாடுகள் அளவுக்கு மீறி மேய்ந்து புல் தீர்ந்தால் தீ பரவாது. தீயில் மடிந்திருக்கக்கூடிய இளங்கன்றுகள் மரமாகின்றன. அங்குத் திருத்த வேண்டியது மாடுகளின் எண்ணிக்கையே. மழை மிகுந்த ஆண்டுகளில் பெருகிய மரங்கள் வறட்சியில் தாமே பட்டுப்போவதும் உண்டு. 1990களில் வட குயின்ஸ்லாந்தில் மரங்கள் பெருமளவில் மடிந்தன. ஓராண்டின் ஒற்றை எண்ணைக்கொண்டு மரங்களை வெட்டினால், அத்தவற்றை ஒரு தலைமுறைக்குள் திருத்துவது அரிது. ஒரே இடத்தில் ஆண்டுகள் இடைவிட்டு அளந்து, புல்லின் வகையோடும் வெறுமையான மண்ணின் பரப்போடும் ஒப்பிட்டு நோக்கும்போதே, அடிமரப் பரப்பு நிலத்தின் உண்மை நிலையை உணர்த்தும்.